குழந்தைகள் இல்ல ஆய்வு: யார் போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும்?

[திரையில்: ஒரு இல்லத்தின் இரும்புக் கதவு. இந்த வீடியோவில் எந்தப் பிள்ளையின் முகமும் காட்டப்படாது.]

வணக்கம். காலை 11 மணி. ஆய்வுக் குழுவின் வண்டி இல்லத்து வாசலில் வந்து நிற்கிறது. தரை துடைத்து ஈரம் காயவில்லை. பதிவேடுகள் மேஜையில் தயாராக இருக்கின்றன. டீ வருகிறது. பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்தில். பன்னிரண்டரைக்கு வண்டி கிளம்பிவிடும், அறிக்கையில் "திருப்திகரம்" என்று எழுதியாகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் குழு பார்த்தது கட்டடத்தை மட்டும்தான்.

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் பக்கம் இருக்கும் நம் தமிழர்கள் மூன்று வழிகளில் இந்த இல்லங்களுக்குள் போகிறோம். தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஆய்வுக் குழுவில் சேர்கிறோம். இல்லையென்றால், பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கப் போகிறோம். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இந்த வீடியோ.

[திரையில்: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 54]

முதலில் சட்டம், சுருக்கமாக. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆய்வுக் குழுக்கள் இருக்க வேண்டும். பிள்ளைகள் தங்கும் ஒவ்வொரு இல்லத்துக்கும் 3 மாதத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். போகிறவர்கள் 3 பேருக்குக் குறையக் கூடாது. அதில் ஒருவர் பெண், ஒருவர் டாக்டர். அறிக்கை ஒரு வாரத்துக்குள் கலெக்டரிடம் போக வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அரசுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு கலெக்டருடையது. இது தவிர, பிள்ளையை எங்கே தங்க வைப்பது என்று உத்தரவு போடும் குழந்தைகள் நலக் குழு, இங்கே போர்டில் "பால கல்யாண் சமிதி" என்று எழுதியிருக்கும், அதுவும் மாதம் இரண்டு முறையாவது இல்லங்களுக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்பட்டது பற்றி 2007-ல் தொடங்கிய வழக்கில், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யுங்கள், ஆய்வுக் குழுக்களை அமையுங்கள், சமூகத் தணிக்கை, அதாவது வெளியாட்கள் நேரில் போய்ச் செய்யும் சரிபார்ப்பு, நடத்துங்கள் என்றது. நாடு முழுவதற்கும் பொருந்தும் அந்தத் தீர்ப்பின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது.

சட்டம் இருந்தும் என்ன ஆகிறது என்பதற்கு முசாபர்பூர் போதும். பீகாரில் அந்தச் சிறுமியர் இல்லத்துக்கு அதிகாரிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை வெளியே கொண்டுவந்தது நம் தேவ்நாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு. பீகார் முழுக்க 110 இல்லங்களைத் தணிக்கை செய்து 2018-ல் அறிக்கை கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் டெல்லி சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் அந்த 19 பேரில் உண்டு. கண்காணிக்க வேண்டியவர்களே உடந்தையாகலாம் என்பதால்தான், இல்லத்தோடு எந்தப் பற்றுவரவும் இல்லாத வெளியாள் குழுவில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். வருடக்கணக்காக ஒரே குழு ஒரே இல்லத்துக்குப் போவதும் ஆபத்து. பழக்கம் கண்ணை மறைத்துவிடும்.

[திரையில்: கடிகாரம், மாலை 6.15]

சரி, எப்போது போவது? சொல்லாமல் போங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில், அதாவது மாலை 6 மணிக்கு மேல், அல்லது ஞாயிறு காலை. சாப்பாட்டு நேரம் கண்ணில் பட வேண்டும்.

உள்ளே போனதும் பதிவேட்டைத் தொடாதீர்கள், தலையை எண்ணுங்கள். பிறகு வருகைப் பதிவேடு, பதிவுச் சான்றில் அனுமதித்த எண்ணிக்கை, ஒவ்வொரு பிள்ளைக்கும் நலக் குழு கொடுத்த உத்தரவு, இவற்றோடு ஒத்துப்பாருங்கள். பதிவேட்டில் இருந்து ஆள் இல்லையென்றால், "ஊருக்குப் போயிருக்கிறான்" என்ற பதில் வரும். யார் அனுமதித்தது, எந்தத் தேதி, யார் கையில் ஒப்படைத்தார்கள், காகிதம் எங்கே என்று அங்கேயே கேளுங்கள். ஆள் இருந்து உத்தரவு இல்லையென்றால் அது இன்னும் பெரிய விஷயம். அந்தப் பிள்ளை அங்கே இருப்பதே அரசுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

டேப் ஒன்று கொண்டுபோங்கள். இளைஞர் நீதிச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த 2016 மாதிரி விதிகளின்படி தூங்கும் கூடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி. 20-க்கு 20 அறை என்றால் 10 பிள்ளைகள்தான். மும்பையில் அந்த அறையில் 22 பாய் விரித்திருந்தால் "இடப் பற்றாக்குறை" என்று பொதுவாக எழுதாதீர்கள். நீளம், அகலம், தலை எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். எண்ணை யாரும் மறுக்க முடியாது. கழிப்பறை 7 பிள்ளைகளுக்கு ஒன்று, குளியலறை 10 பிள்ளைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு கதவிலும் உள்தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் கொண்டி இருக்கும், விழாது. இரவில் தூங்கும் கூடத்தை வெளியே பூட்டுகிறார்களா என்றும் பாருங்கள். தீப்பிடித்தால் அந்தப் பூட்டு உயிரை எடுக்கும்.

சமையலறையில் ருசி பார்ப்பது மட்டும் போதாது, கணக்கும் போட வேண்டும். மாதிரி விதிகளின் உணவுப் பட்டியலில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பருப்பு வகை 120 கிராம், காலையில் பால் 150 மில்லி. 50 பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்குப் பருப்பு 6 கிலோ, மாதத்துக்கு 180 கிலோ. பால் தினமும் ஏழரை லிட்டர். கடைக்காரர் பில்லில் பருப்பு 70 கிலோதான் இருக்கிறதென்றால், தட்டில் ஊற்றியது பருப்பா தண்ணீரா என்று தெரிந்துவிடும். பில் 180 கிலோவாக இருந்து பருப்பு நீர்த்திருந்தால், மூட்டை எங்கே போனது என்பது அடுத்த கேள்வி.

டாக்டர் பார்க்க வேண்டியது எடைப் பதிவேடு. ஆறு மாதமாக ஒரே எடை, ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. நாலைந்து பிள்ளைகளை அங்கேயே தராசில் நிறுத்துங்கள். மருந்துப் பெட்டியில் தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ இருந்தால், எந்தப் பிள்ளைக்கு, எந்த டாக்டர், எந்தத் தேதியில் எழுதினார் என்று சீட்டோடு பாருங்கள். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையை அடக்குவதற்கு மருந்து கொடுப்பது கொடுமை. அது குறிப்பேட்டில் வராது, தராசிலும் டப்பாவிலும்தான் பிடிபடும்.

புகார்ப் பெட்டி பிள்ளைகள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அலுவலகத்தை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, பிள்ளைகள் குழு முன்னிலையில் திறக்க வேண்டும். சாவி சூப்பிரண்டெண்ட் மேஜை டிராயரில் இருந்தால் அந்தப் பெட்டி வெறும் தகரம். மாதக்கணக்காகச் சீட்டே விழவில்லை என்பதை "புகார் இல்லை" என்று எழுதாதீர்கள். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் எப்படிப் போடுவார்கள் என்று கேளுங்கள்.

[திரையில்: இரண்டு நாற்காலிகள், திறந்த முற்றம்]

இனி, பிள்ளையிடம் பேசுவது. மொத்த நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

யாரிடம் பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அவர்கள் அனுப்பும் பிள்ளை நன்றாகப் பாட்டுப் பாடும். பதிவேட்டிலிருந்து நீங்களே எடுங்கள்: கடைசியாக வந்த பிள்ளை, ஓடிப்போய்த் திரும்பக் கொண்டுவந்த பிள்ளை, பார்க்க யாருமே வராத பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை. எட்டுப் பேரிடமாவது பேசுங்கள். ஒரே ஒருவரைக் கூப்பிட்டால், அடுத்த நாள் எது வெளியே போனாலும் பழி அந்த ஒருவர் மேல்தான். உட்காரும் இடம் பார்வைக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. பெண் பிள்ளைகளிடம் பெண் உறுப்பினர் பேசட்டும்.

"இங்க நல்லா இருக்கியா கண்ணா?" என்றால் "நல்லா இருக்கேன் அக்கா" என்றுதான் வரும். "நேத்து ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் என்னெல்லாம் நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். "ராத்திரி வயிறு வலிச்சா யார எழுப்புவ?" "யாராவது கோவிச்சுக்கிட்டா இங்க என்ன செய்வாங்க?" பிறகு வாயை மூடிக் காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு.

ரயிலேறிக் குர்லா டெர்மினஸில் வந்து இறங்கிய தமிழ்ப் பிள்ளைக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அப்போது இல்லத்தின் சமையல்கார அண்ணனையோ, தமிழ் தெரிந்த மாவ்ஷியையோ (ஆயாம்மாவையோ) கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாக நடக்கிறது. அது கூடவே கூடாது. பிள்ளை பயப்படுவது அவரைப் பார்த்தாகவே இருக்கலாம். வெளியாள்தான் வேண்டும். விசாரணை என்று வந்தால், வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே வழிசெய்கிறது.

மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு: பிள்ளை "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றே சொல்லுங்கள். சுருக்காதீர்கள், நாகரிகப்படுத்தாதீர்கள். உடல் உறுப்புக்குப் பிள்ளை என்ன பெயர் சொன்னதோ அதையே தமிழில் எழுதி வையுங்கள். திருநெல்வேலிப் பிள்ளை "ஏசுனாங்க" என்றால் திட்டினார்கள், அவ்வளவுதான். அடித்ததாக மாறிவிடக் கூடாது. "கூசுது" என்று ஒரு பிள்ளை சொன்னால் கிச்சுகிச்சுவாகவும் இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம், அருவருப்பாகவும் இருக்கலாம். அதில் ஒன்றை நீங்களே எடுத்து இந்தியில் சொல்லிவிடாதீர்கள். "கூசுதுன்னா எப்படிம்மா?" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. "உன்னைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதே உண்மை. பிள்ளை பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால் குறுக்குக் கேள்வி வேண்டாம், நிரூபிக்கச் சொல்ல வேண்டாம், சூப்பிரண்டெண்டைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவே வேண்டாம். ஒரு வார அறிக்கைக்கும் காத்திருக்காதீர்கள். போக்சோ பிரிவு 19-ன்படி அப்போதே போலீசுக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. மறைத்தவர் நிறுவனத்தின் பொறுப்பாளர் என்றால் ஒரு வருடம் வரை. நலக் குழுவுக்குப் போன் செய்து, அன்று இரவு அந்தப் பிள்ளை எங்கே தூங்கும் என்பதை முடிவு செய்யாமல் வளாகத்தை விட்டு நகராதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஊழியரை அன்றே வெளியேற்றக் கேளுங்கள். பல நேரம் ஊழியர் இருந்துவிடுவார், பிள்ளையை வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். தோழியையும் பள்ளிக்கூடத்தையும் இழந்த அந்தப் பிள்ளைக்கு, பேசியதற்குத் தண்டனை கிடைத்தது போலத்தான் அது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள், சொல்லாமல். பேசிய எட்டுப் பேரோடு பேசாத நாலு பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

[திரையில்: கேக்கும் மெழுகுவர்த்தியும், பின்னணி மங்கலாக]

பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளோடு எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி குற்றம். தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்தப் படத்தை வைத்தே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் போன நாளில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். 1996-ல் இந்த மும்பையில்தான் அந்த எண் தொடங்கியது.

உங்கள் பகுதி இல்லத்தில் ஆய்வு நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள குழுவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மும்பை நகரம், புறநகர் இரண்டில் இல்லம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள். பிள்ளைகளின் விவரம் எதையும் கேட்காதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் ஆய்வு நடந்த தேதிகள், போன உறுப்பினர்களின் பதவி, அறிக்கை வந்த தேதி, நடவடிக்கை எடுத்த தேதி, இவ்வளவு போதும். நான்கு தேதிகளாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் டாக்டர்.