மோர்பாத் சாமியாரின் கணக்குப் புத்தகம்

அவையோருக்கு வணக்கம். இங்கிலாந்து வரலாறு என்றதும் எட்டாம் ஹென்றியும் அவருடைய ஆறு மனைவிகளும் நினைவுக்கு வருவார்கள். நான் இன்று அரண்மனைக்குள் நுழையப் போவதில்லை. டெவன் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தை ஒட்டி மோர்பாத் என்றொரு பங்கு, அதாவது ஒரு கிறிஸ்தவக் கோவிலைச் சேர்ந்த ஊர். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை 33 குடும்பங்கள். ஆடுதான் பிழைப்பு.

1520-இல் அந்தப் பங்குக்கு கிறிஸ்டபர் ட்ரிக்கி என்ற கத்தோலிக்கச் சாமியார் வந்தார். 1574-இல் சாகும்வரை, 54 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். கோவில் வரவு செலவைத் தன் கையால் எழுதினார். எழுதிப் பூட்டி வைக்கவில்லை; ஊர் மக்களைக் கூட்டி வாசித்துக் காட்டும் கணக்கு அது. அதனால்தான் அந்த ஏட்டில் எண்களுக்கு நடுவே ஒரு மனிதர் பேசுவது கேட்கிறது.

ஆட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புனிதர்களுக்கு ஆடுகள் இருந்தன! மாதாவுக்கு ஆடு, ஜார்ஜியாருக்கு ஆடு. மந்தையாக ஓரிடத்தில் நிற்காது. வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துவிட்டிருப்பார்கள். உங்கள் பட்டியில் உங்கள் ஆட்டோடு மாதாவின் ஆடும் மேயும். கம்பளி விற்ற காசு அந்தப் புனிதரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முன்னால் எரியும் மெழுகுத்திரிக்குப் போகும். ஆடு செத்தால் அதுவும் கணக்கில் ஏறும். எந்த ஆடு, யார் வீட்டில் செத்தது என்று ஊர் நடுவே வாசிக்கும்போது அந்த வீட்டுக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும்!

வாலிபர்களுக்குத் தனி நிதி, கன்னிப்பெண்களுக்குத் தனி நிதி. குடும்பத்தை நடத்தும் விதவைகள்கூடக் கோவில் பொறுப்பில் உட்கார்ந்தார்கள். இன்னொரு வருமானம், கோவிலுக்காகப் பீர் காய்ச்சி விற்கும் விருந்து. முகம் சுளிக்காதீர்கள், அந்த ஊரில் அது பக்தியில் சேர்த்தி.

சாமியாருக்குப் பிடித்தவர் சிட்வெல் என்ற எக்ஸிட்டர் நகரத்துப் புனிதை. அவருடைய சுரூபத்தை இவர்தான் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச காலத்தில் ஊரில் பெண் குழந்தைகளுக்கு சிட்வெல் என்றே பெயர் விழ ஆரம்பித்தது. சுரூபத்தின் காலுக்கு வெள்ளிச் செருப்புகூட வந்தது. 1534-இல் திருடன் புகுந்து அந்தச் செருப்பையும் பூசைக் கிண்ணத்தையும் கொண்டுபோனான். புதுக் கிண்ணத்துக்குக் காசு திரட்டியவர்கள் அந்த வாலிபர்களும் கன்னிப்பெண்களும்தான்.

இறந்தோர் பூசைக்குக் கறுப்பு உடுப்பு வாங்க வேண்டும் என்று சாமியாருக்கு ஓர் ஆசை. தனக்கு வரவேண்டிய சில்லறைக் காணிக்கையையும் அதற்கென்று ஒதுக்கி, ஏறக்குறைய 20 ஆண்டு சேர்த்தார். உடுப்பு 1547-இல் வந்தது. அதே ஆண்டில் சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறினான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் கத்தோலிக்க வழக்கங்களை ஒழிக்க நினைத்த சீர்திருத்தக்காரர்கள்; இறந்தோருக்காக வேண்டுவதே மூடப்பழக்கம் என்று விலக்கினார்கள். இந்த ஏட்டில் என்னை அதிகம் வருத்துவது அந்த உடுப்புதான்.

சுரூபங்கள் போயின, திரிகள் அணைந்தன, ஆடுகள் விற்கப்பட்டன, பீர் விருந்தும் நின்றது. பங்கு கடனில் விழுந்தது. 1549 பெந்தெகொஸ்து நாளில் இலத்தீன் பூசைக்குப் பதில் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமானது. டெவனும் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்து எக்ஸிட்டரை முற்றுகையிட்டன. அந்த ஆண்டுக் கணக்கில், எக்ஸிட்டருக்கு வெளியே செயின்ட் டேவிட்ஸ் மேட்டில் இருந்த கலகக்காரர் பாசறைக்கு ஊர் இளைஞர்கள் ஐந்து பேரை அனுப்பிய செலவு இருக்கிறது. அரசாங்கத்தின் கண்ணில் பட்டால் தலை போகும் பதிவு அது. ஆனாலும் எழுதினார். செலவு செலவுதானே! கலகம் இரத்தத்தில் முடிந்தது.

1553-இல் கத்தோலிக்கரான மேரி அரசியானதும், வீடுகளில் பத்திரமாக வைத்திருந்த கோவில் பொருள்களை மக்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் எதைக் கொடுத்தார் என்பதைச் சாமியார் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். ஐந்தே ஆண்டில் சீர்திருத்தப் பக்கம் நின்ற எலிசபெத் அரசியாக வந்தார். மறுபடியும் எல்லாம் தலைகீழ். சாமியார் ஊரைவிட்டுப் போகவில்லை. புது வழிபாட்டையும் நடத்தினார், கணக்கையும் எழுதினார். கொள்கை இல்லாதவர் என்று ஏசலாம், நான் ஏசமாட்டேன். அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதே கோவிலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.