தட்டில் அச்சத்தைப் பரிமாறாதீர்கள்

வணக்கம். இன்று கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கவைக்கும் நோயான அனோரெக்ஸியா பற்றிய சென்ற வீடியோவின் கீழ் ஒருவர், "சாப்பிடாவிட்டால் செல்பேசியைப் பிடுங்குங்கள், வழிக்கு வருவாள்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் குவிந்த விருப்பக்குறிகளைப் பார்த்தபிறகு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

மிரட்டல் ஏன் உதவாது என்பதை ஒரு விளையாட்டை வைத்துச் சொல்கிறேன். இந்தச் சீட்டுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண்; வழக்கம்போல நானே வெட்டியவை. முதலில் மை ஊறி எண் மறுபக்கம் தெரிந்தது. எண் தெரிந்தால் ஊகிக்க என்ன இருக்கிறது? தடித்த அட்டை ஒட்டி, கனத்த புத்தகங்களின் அடியில் வைத்து நிமிர்த்தினேன். இப்போது விளக்குக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. ஓரங்கள்கூட எவ்வளவு நேராக இருக்கின்றன! எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

விளையாட்டு எளிது. எண் ஐந்தைவிடப் பெரிதா, சிறிதா? சரியாகச் சொன்னால் பணம், தவறினால் இழப்பு. அனோரெக்ஸியாவிலிருந்து மீண்ட பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் இப்படி ஆடவைத்தார்கள். 2007-இல் வெளிவந்த ஆய்வு. உணவுக்கோளாறு ஆய்வாளர் வால்டர் கே குழுவினருடையது. இந்த நோய் வராத பெண்களின் ஸ்ட்ரையேட்டம், அதாவது பரிசை உணரும் மூளைப்பகுதி, வெற்றியையும் தோல்வியையும் பிரித்து அறிந்தது. மீண்டவர்களிடம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே துலங்கல்! சொல்ல விட்டுப்போனது: அவர்கள் அப்போது பட்டினியில் இல்லை, உடல் தேறியவர்கள். அதனால் இதைப் பசி மயக்கம் என்று தள்ளிவிட முடியாது.

தண்டனை என்றால் அனோரெக்ஸியா உள்ளவர்களில் பலருக்கு மிகுந்த அச்சம். உணவைக் கண்டதும் பதற்றம் ஏறுகிறது. தட்டைத் தள்ளியதும் இறங்குகிறது. அந்த நிம்மதிதான் பரிசு. மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. அளவுமீறி உண்டுவிட்டு அதை வெளியேற்றத் துடிக்கும் நோயான புலிமியாவில், வாந்தி எடுத்தபின் வரும் தணிவும் இதே வேலையைச் செய்கிறது. இதன்மேல் மிரட்டலையும் ஏற்றினால் பதற்றம் கூடும். தப்பிக்கும்போது கிடைக்கும் நிம்மதியும் கூடும். நாமே நோய்க்குப் பாடம் நடத்துகிறோம்!

இன்னொன்று, எனக்கு அறவே பிடிக்காதது: "இளைத்து அழகாகிவிட்டாய்" என்ற பாராட்டு. தொடக்கத்தில் அதுவும் பரிசுதான். பின்னர் யாரும் பாராட்டாமலே உணவைக் குறைப்பது பழக்கமாக இறுகிவிடலாம் என்று டிமதி வால்ஷ் போன்ற மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அப்படியென்றால் சும்மா விட்டுவிடுவதா? கூடாது. குடும்பம் சார்ந்த சிகிச்சையில், வளரிளம் பருவத்தினரின் உணவுப் பொறுப்பைப் பெற்றோரே எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு, எப்போது என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் பிள்ளையைக் குற்றம் சொல்வதும் இல்லை. உண்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கிறார்கள். அப்போது என்ன பேசலாம் என்பதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.