மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற சுதந்திர இயங்குதளத்துக்கு மாற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த லினக்ஸ் சிறந்தது என்று கேட்கத்தான் பலரும் வந்திருப்பீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நான் பேச விரும்புவது உதவியைப் பற்றி. மாற ஆசைப்பட்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களும், அடுத்தவருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களும் இதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த இரண்டு பேரும் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மாற்றம் நிலைக்கிறது, அல்லது இரண்டே வாரத்தில் கைவிடப்படுகிறது.

முதலில் இப்போது ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் கிடைக்கும் பாதுகாப்பு நீட்டிப்பு தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், புராசஸரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவற்றுக்கு முறையான வழி அடைபட்டுவிட்டது. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஆனாலும் கணினி பழசாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. லினக்ஸுக்கு இந்த நிபந்தனைகள் கிடையாது. 64-பிட் புராசஸரும் 4 ஜிபி ராமும் இருந்தால் அன்றாட வேலைகளுக்குப் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட முடிந்தால் வேகம் கண்கூடாகத் தெரியும்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், சுதந்திரமான ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இந்த வரலாற்றைப் பலரும் அறிவீர்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. சுதந்திர மென்பொருளுக்கு ஸ்டால்மன் வகுத்த நான்கு உரிமைகளில், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குத் தரலாம் என்பவற்றோடு, படி எடுத்துக் கொடுத்து அடுத்தவருக்கு உதவலாம் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. லினக்ஸின் வடிவங்களான உபுண்டுவையோ டெபியனையோ ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தால் நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை. அந்த உரிமத்தை எழுதியவர்கள் நீங்கள் செய்ய வேண்டும் என்று விரும்பியதையே செய்கிறீர்கள்.

சரி, உதவி கேட்பவர்களிடம் முதலில் பேசுகிறேன்.

"லினக்ஸ் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்பதற்கு முன், கணினியில் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். பிரவுசர், மின்னஞ்சல், வீடியோ, கடிதம் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் என்றால் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லினக்ஸிலும் உண்டு, ஆவணங்களுக்கு லிப்ரேஆஃபிஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஃபோட்டோஷாப் இருக்கிறதா? விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் இருக்கிறதா? டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் இருக்கிறதா? வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், அதாவது மேக்ரோ, நிறைய எழுதப்பட்ட எக்ஸெல் கோப்பு இருக்கிறதா? பிள்ளைகள் விளையாடும் ஆன்லைன் விளையாட்டு, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைக் கேட்கும் வகையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மாறுவதற்கு முன்பே அதைப் பேசித் தீர்க்க வேண்டும். வைன் என்ற மென்பொருள் சில விண்டோஸ் நிரல்களை ஓட்டும், எல்லாவற்றையும் ஓட்டாது. தேவைப்பட்டால் விண்டோஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே லினக்ஸையும் போடலாம். உங்கள் பிழைப்பே ஒரு விண்டோஸ் நிரலை நம்பி இருக்கிறது என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்பவர்தான் உங்களுக்கு நல்ல உதவியாளர்.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பாமினி போன்றவற்றில், தட்டச்சு செய்த பழைய கோப்புகள் உங்களிடம் இருக்கலாம். புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து கிடக்கும். பார்த்ததும் எல்லாம் அழிந்துவிட்டதாகப் பதறிவிடுவோம். எதுவும் அழியவில்லை. எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸில் நிறுவினால் கோப்பு பழையபடி தெரியும். புதிதாகத் தட்டச்சு செய்ய தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு, ஆங்கில எழுத்துகளில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு, இரண்டு முறைகளுமே லினக்ஸில் இருக்கின்றன. எந்த முறையில் பழகியிருக்கிறீர்கள் என்பதை உதவியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விரல்களுக்குப் பழகியது மாறினால் மனிதர்கள் அன்றைக்கே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது பேக்கப். இந்த விஷயத்தில் நான் கறாராகவே பேசுவேன். பேக்கப் எடுக்காத கணினியில் யாரும் கை வைக்கக் கூடாது. உரிமையாளர் பரவாயில்லை என்றாலும் கூடாது. படங்களும் ஆவணங்களும் மட்டும் பேக்கப் ஆகிவிடாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு, டெஸ்க்டாப்பில் போட்டு மறந்தவை, டவுன்லோட்ஸில் தங்கிவிட்ட சான்றிதழ்கள், இவையெல்லாம் சேர வேண்டும். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஏற்றிய பிறகு அதை வேறொரு கணினியில் செருகி, நாலு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். நிறுவும்போது அது கணினியில் செருகியபடி இருந்தால், தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அதையும் அழித்துவிட வாய்ப்பு உண்டு.

பிட்லாக்கர் என்பது விண்டோஸின் குறியாக்கப் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல மடிக்கணினிகளில் இது தானாக இயங்கிவிடும், பூட்டியிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பில் எதையாவது மாற்றினால் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முன்பே எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு உதவப்போகிறவர் அன்றாடம் எதைப் பயன்படுத்துகிறாரோ, அதையே போடுங்கள். இதுதான் என் பதில். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாமே நல்லவைதான். அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, சனிக்கிழமை இரவு பிரிண்டர் அடம்பிடிக்கும்போது "என் திரையிலும் அந்த மெனு இருக்கிறது, இரண்டாவதை அழுத்துங்கள்" என்று போனில் சொல்ல ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். விதிவிலக்கு ஒன்று உண்டு. அந்த உதவியாளர் தினமும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு வடிவத்தை ஆர்வத்துக்காக வைத்திருப்பவர் என்றால், உங்களுக்காக அவர் நீண்டகால ஆதரவு உள்ள ஒன்றுக்கு இறங்கி வர வேண்டும்.

இனி உதவி செய்பவர்களிடம் பேசுகிறேன்.

முதல் சந்திப்பில் எதையும் நிறுவாதீர்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கிக் காட்டுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட மாறாமல் முழு லினக்ஸும் திரையில் ஓடும். அந்த நேரத்தில் உரிமையாளரே ஒவ்வொன்றாகச் சோதிக்கட்டும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பார்க்கட்டும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தி, சற்றுப் பொறுத்துத் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு தினமும் தொந்தரவு தருவது இதுதான். வைஃபை பிடிக்கவில்லை என்றால் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொண்டு வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கிப் பார்க்கலாம். டெபியனைப் பொறுத்தவரை, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை போன்ற சாதனங்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அவற்றைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

நிறுவும் நாளில் மவுஸைத் தொடாதீர்கள். இதை உதவியாளர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் செய்தால் அரை மணி நேரத்தில் முடியும், அவர் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும். டிஸ்க்கைப் பிரிக்கும் திரை வரும்போது நிறுத்துங்கள். முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுவது, விண்டோஸின் பக்கத்தில் நிறுவுவது என்று இரண்டு வழி காட்டும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தால் என்ன போகும், என்ன மிஞ்சும் என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். சொல்ல முடிந்த பிறகு அவரே அழுத்தட்டும். நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டிஸ்க்கைக் கணினி அணுகும் முறை பயாஸில் இன்டெல் ரெய்டு என்று இருந்தாலும் இப்படி ஆகும். அதை ஏஹெச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் விண்டோஸுக்குள் முதலில் அதற்கான ஏற்பாட்டைச் செய்யாமல் மாற்றாதீர்கள், பிறகு அது கிளம்பாது.

கடவுச்சொல்லை அவர் தட்டச்சு செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நிர்வாகி அதிகாரம் உங்களிடம் இருந்து, சாதாரணக் கணக்கு மட்டும் அவரிடம் இருந்தால், ஒரு நிறுவனத்தை நம்பியிருந்தவர் இப்போது உங்களை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. சுதந்திர மென்பொருளைப் போட்டுவிட்டு அதன் சுதந்திரத்தை நாமே எடுத்துக்கொண்டு போவது நியாயம் இல்லை. வீட்டுக்காரரின் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். வேலைக்குத் தேவையில்லாத எதையும் திறக்காதீர்கள்.

நேரில் யாரும் கிடைக்காதவர்கள் தொலைவிலிருந்துதான் உதவி கேட்க வேண்டியிருக்கும். அப்போது கேட்கும் விதம் முக்கியம். "வைஃபை வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "லினக்ஸ் மின்ட் 22 நிறுவியிருக்கிறேன். மடிக்கணினியின் மாடல் இது. வைஃபை பட்டியலே காட்டவில்லை. பென்டிரைவிலிருந்து ஓட்டியபோது காட்டியது. நேற்று அப்டேட் செய்த பிறகுதான் நின்றது. கைபேசி வழியாக இணையம் வருகிறது." இந்த ஆறு வாக்கியங்களைப் படித்தவுடனேயே அனுபவசாலி பாதி காரணங்களைத் தள்ளிவிடுவார். பிழைச் செய்தி வந்தால் அதைச் சுருக்காமல் அப்படியே தாருங்கள். வன்பொருள் விவரத்தையோ பதிவுகளையோ ஒட்டும்போது உங்கள் பெயர், வைஃபையின் பெயர் போன்றவை அதில் இருந்தால் நீக்கிவிடுங்கள். தீர்ந்துவிட்டால் எப்படித் தீர்ந்தது என்று எழுதிவிட்டுப் போங்கள். அடுத்து அதே சிக்கலோடு வருபவர் அதைத்தான் தேடிக்கொண்டு வருவார்.

யாரோ சொன்னார்கள் என்பதற்காக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எதையும் ஒட்டி எண்டர் தட்டாதீர்கள். "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். நல்ல உதவியாளர் சலிக்காமல் விளக்குவார். விளக்க மறுப்பவரின் கட்டளையை ஓட்ட வேண்டியதில்லை. திரையைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்கும் முன்பின் தெரியாதவருக்கும் இதே விதிதான்.

நிறுவி முடித்ததும் உதவி முடிந்துவிடுவதில்லை. முதல் மாதம்தான் கஷ்டமான காலம். இணையத்தில் இறக்கிய விண்டோஸ் நிறுவல் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்துவிட்டு ஏன் திறக்கவில்லை என்பார்கள். மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுவதைக் காட்ட வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது கடிகாரம் தவறாகக் காட்டும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, அதுதான் காரணம். ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் கேட்க ஆள் இல்லாதவருக்கு ஒவ்வொன்றும் மலை. அதனால் வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு நீங்களே போன் செய்யுங்கள். தொந்தரவாக இருக்குமோ என்று தயங்கி அவர்கள் கூப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து, எனக்கு இது ஒத்துவரவில்லை, பழையபடி விண்டோஸே வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் உதவுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். முன்பு முறையாகப் பதிவான விண்டோஸின் உரிமம் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடு இணைந்தே இருக்கும், அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாகப் பதிவாகிவிடும். திரும்பிப் போக வழி உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால், மாறுவதற்கான பயமும் பாதியாகக் குறையும்.

கணினியைக் கொண்டு வந்திருப்பவர்கள் பின்னால் இருக்கும் மேசைகளுக்குப் போகலாம். உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்போம், பேக்கப் எடுக்காதவர்களும் தயங்காமல் வரலாம். நிறுவுவதை அடுத்த சந்திப்பில் வைத்துக்கொள்வோம்.