ஆங்கில வாக்கியத்தில் மொத்தம் எத்தனை வகை? எங்கே வெட்டுவது?

வணக்கம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வியை அப்படியே படிக்கிறேன். “ஒரு புத்தகத்தில் வாக்கிய வகைகள் நான்கு என்று போட்டு, அசர்ட்டிவ், இன்டராகேட்டிவ், இம்பெரேட்டிவ், எக்ஸ்க்ளமேட்டரி என்கிறார்கள். இன்னொரு புத்தகத்தில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்கிறார்கள். மொத்தம் எத்தனை வகைதான்? சப்ஜெக்ட், ப்ரெடிகேட் என்று பிரிக்கச் சொன்னாலும் எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘ஐ நோ ஹீ லெஃப்ட்.’ அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். நான்கே சொற்கள்தான், ஆனால் இது காம்ப்ளெக்ஸ். இப்போது இதைப் பாருங்கள்: ‘ஆஃப்டர் எ லாங் மீட்டிங் வித் தி நியூ மேனேஜர் ஆஃப் தி கம்பெனி, ஐ வென்ட் ஸ்ட்ரெய்ட் டு மை ரூம்.’ 17 சொற்கள். இது சிம்பிள். ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

தமிழ் இலக்கணத்தில் வினைமுற்று, எச்சம் என்று படித்திருப்பீர்கள். ‘ஓடினான்’ என்றால் பேச்சு முடிந்துவிட்டது. ‘ஓடி’ என்று நிறுத்தினால், கேட்பவர் ‘ஓடி என்ன செய்தான்?’ என்று காத்திருப்பார். முதலாவது முற்று, இரண்டாவது எச்சம். ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. முற்றாக நிற்பதை ஃபைனைட் வெர்ப் என்பார்கள். ‘ரன்ஸ்’, ‘ரேன்’, ‘வில் ரன்’, ‘இஸ் ரன்னிங்’ எல்லாம் முற்று. வெறும் ‘ரன்னிங்’, வெறும் ‘டு ரன்’ இரண்டும் முற்று ஆகாது. ஆங்கில வாக்கியத்தைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது இந்த முற்றைத்தான். பலர் முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்து சப்ஜெக்டைத் தேடுகிறார்கள். அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

முற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். ‘ஹீ வான்ட்ஸ் டு ரன்’ என்பதை நேற்றைக்கு மாற்றினால் ‘ஹீ வான்டட் டு ரன்’. ‘வான்ட்ஸ்’ மாறியது, ‘டு ரன்’ அப்படியே நின்றது. மாறியதுதான் முற்று. கட்டளை வாக்கியத்தை மட்டும் இப்படி மாற்ற முடியாது, மற்ற இடங்களில் இந்தச் சோதனை நன்றாக உதவும்.

முற்று கிடைத்துவிட்டதா, இனி அதனிடம் ‘யார்?’ அல்லது ‘எது?’ என்று கேளுங்கள். ‘தி கர்ல் வித் தி ரெட் பேக் ஓபன்ட் தி டோர்.’ முற்று ‘ஓபன்ட்’. யார் திறந்தது? ‘தி கர்ல்’ என்று அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். சிவப்புப் பை வைத்திருக்கும் அந்தப் பெண்தானே திறந்தாள்? அப்படியானால் ‘தி கர்ல் வித் தி ரெட் பேக்’ மொத்தமும் சப்ஜெக்ட், அதாவது எழுவாய்ப் பகுதி. ‘ஓபன்ட்’ தொடங்கி மீதி எல்லாம் ப்ரெடிகேட். சாதாரணச் செய்தி வாக்கியத்தில் வெட்ட வேண்டிய இடம் முற்றுக்கு முன்னால்தான். ‘யெஸ்டர்டே’ போன்ற சொல் வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்தாலும் அது ப்ரெடிகேட்டைச் சேர்ந்தது, ஏனென்றால் அது எப்போது திறந்தாள் என்பதைத்தான் சொல்கிறது. கேள்வி வாக்கியமாக இருந்தால் அதைச் செய்தி வாக்கியமாகத் திருப்பிக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ‘வந்தான்’ என்ற ஒரே சொல்லில் தமிழ் எழுவாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, ‘ஆன்’ விகுதி அந்த வேலையைப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்றால் வந்தது அவனா, அவளா, அவர்களா எதுவும் தெரியாது. அதனால் அங்கே சப்ஜெக்ட் கட்டாயம். மழை பெய்கிறது என்று சொல்லும்போது, செய்பவர் யாருமே இல்லாவிட்டாலும் ஒரு ‘இட்’டைக் கொண்டுவந்து நிறுத்தி ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள். வினையும் அதே மாதிரிதான். ‘அவள் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘ஷீ டாக்டர்’ என்றால் ஆங்கிலத்தில் அது முடியவில்லை, ‘ஷீ இஸ் எ டாக்டர்’ என்று ‘இஸ்’ வந்தாக வேண்டும். கட்டளையில் மட்டும் ‘யூ’ வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும்: ‘ஓபன் தி டோர்.’

சரி, ப்ரெடிகேட்டுக்குள் என்ன இருக்கிறது? வினை இருக்கிறது, அது இல்லாமல் ப்ரெடிகேட் இல்லை. அந்த வினையிடம் ‘எதை?’, ‘யாரை?’ என்று கேட்டால் வருவது ஆப்ஜெக்ட். தமிழில் ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் பொருள் ஒன்றுதான். ‘ஐ’ உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. ‘டாக்’, ‘கேட்’ போன்ற சொற்களுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது, இடம்தான் எல்லாம். ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். சொல்வரிசையில் ஆங்கிலம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

காம்ப்ளிமென்ட்டை ஆப்ஜெக்ட் என்று எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். ‘ஷீ மெட் எ டாக்டர்’, ‘ஷீ இஸ் எ டாக்டர்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் அவள் வேறு, டாக்டர் வேறு. யாரைச் சந்தித்தாள்? டாக்டரை. அது ஆப்ஜெக்ட். இரண்டாவதில் அவளேதான் டாக்டர். அது காம்ப்ளிமென்ட். ‘தே மேட் ஹிம் கேப்டன்’ என்பதில் ‘ஹிம்’ ஆப்ஜெக்ட், அவனேதான் கேப்டன் என்பதால் ‘கேப்டன்’ அந்த ஆப்ஜெக்டின் காம்ப்ளிமென்ட். ‘ஹீ கேவ் மீ எ புக்’ என்பதில் யாருக்கு, எதை என்று இரண்டு ஆப்ஜெக்ட். எங்கே, எப்போது, எப்படி என்பதற்குப் பதிலாக வருபவை அட்வெர்பியல். பெரும்பாலும் இவற்றை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். எப்போதும் அல்ல: ‘ஹீ புட் தி புக் ஆன் தி டேபிள்’ என்பதிலிருந்து கடைசி மூன்று சொற்களை எடுத்துவிட்டால், எங்கே வைத்தான் என்று வாக்கியம் தொங்கும்.

இப்போது எத்தனை வகை என்ற கேள்வி. நீங்கள் பார்த்த இரண்டு புத்தகங்களும் சரியாகத்தான் சொல்கின்றன. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்று, இந்த வாக்கியத்தால் பேசுபவர் என்ன செய்கிறார்: செய்தி சொல்கிறாரா, கேட்கிறாரா, ஏவுகிறாரா, வியக்கிறாரா? இன்னொன்று, வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது: எத்தனை முற்று, அவை எப்படி இணைந்திருக்கின்றன? ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகவும் கேட்கலாம். ‘டு யூ நோ வேர் ஹீ லிவ்ஸ்?’ முதல் வகையில் இது இன்டராகேட்டிவ், இரண்டாவது வகையில் காம்ப்ளெக்ஸ். இரண்டு பட்டியலையும் கூட்டி ஏழு வகை என்று எழுதாதீர்கள், அது தப்பு.

முதல் பட்டியலில் அதிகம் சிரமமில்லை. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று தமிழில் படித்த அதே நான்குதான். ‘மே யூ லிவ் லாங்’ போன்ற வாழ்த்துகளைச் சில புத்தகங்கள் ஆப்டேட்டிவ் என்று ஐந்தாவதாகத் தனியே வைக்கும். எதிர்மறை என்பது இந்தப் பட்டியலில் தனி வகை ஆகாது. ‘டோன்ட் கோ’ என்பது கட்டளை, அதுவே எதிர்மறையும்கூட. உணர்ச்சி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘ஹவ் டால் இஸ் ஹீ?’ என்றால் அவன் எவ்வளவு உயரம் என்ற கேள்வி. ‘ஹவ் டால் ஹீ இஸ்!’ என்றால் எவ்வளவு உயரமாக இருக்கிறான் என்ற வியப்பு. சொற்கள் அதே நான்குதான். ‘இஸ்’ முன்னால் போனால் கேள்வி, சப்ஜெக்டுக்குப் பின்னால் நின்றால் வியப்பு. ஆச்சரியக்குறியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ‘கெட் அவுட்!’ என்பதிலும் அந்தக் குறி இருக்கிறது, ஆனால் அது கட்டளை வாக்கியம்.

இரண்டாவது பட்டியலுக்கு மறுபடி முற்றுக்கு வருவோம். ஒரே எழுவாய்ப் பகுதி, ஒரே முற்று என்றால் சிம்பிள். ‘மை பிரதர் அண்ட் மை சிஸ்டர் கேம்’ என்பதில் ஆட்கள் இரண்டு பேர், முற்று ஒன்று, அதனால் சிம்பிள். தனித்தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சமமாக இணைத்தால் காம்பவுண்ட்: ‘ஐ கால்ட் ஹிம், பட் ஹீ டிட் நாட் ஆன்சர்.’ இப்படிச் சமமாக இணைக்கும் சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

‘ஹீ கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்’ சிம்பிளா, காம்பவுண்டா? இதை அடிக்கடி கேட்கிறார்கள். தமிழில் ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்று வந்தால் அது தொடர் வாக்கியம் என்று படித்திருக்கிறோம், அதனால் கை தானாகவே காம்பவுண்ட் என்று எழுதும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வழக்கு உண்டு. ‘ஸ்லெப்ட்’டுக்கு முன்னால் தனி சப்ஜெக்ட் இல்லாததால், இரட்டைப் ப்ரெடிகேட் கொண்ட சிம்பிள் வாக்கியம் என்பது ஒரு வழக்கு. அங்கே ஒரு ‘ஹீ’ மறைந்திருக்கிறது, ஆகவே காம்பவுண்ட் என்பது இன்னொரு வழக்கு. ‘அண்ட் ஹீ ஸ்லெப்ட்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. தேர்வுக்குப் படிப்பவர்கள், உங்கள் பாடநூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்ப்ளெக்ஸில் ஒன்று தனியாக நிற்கும், மற்றது அதைச் சார்ந்து நிற்கும். ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்பதில் சப்ஜெக்டும் இருக்கிறது, முற்றும் இருக்கிறது. ஆனாலும் தனியாக நிற்காது, ‘பிகாஸ்’ அதை இன்னொன்றின் மேல் சாய்த்துவிட்டது. இஃப், வென், ஆல்தோ, தட், ஹூ, விச் எல்லாம் இந்த வேலையைச் செய்யும் சொற்கள். ‘ஐ நோ ஹீ லெஃப்ட்’ என்பதில் ‘தட்’ மறைந்திருக்கிறது. ‘ஆல்தோ’ போட்டு ஆரம்பித்துவிட்டு நடுவில் ‘பட்’ போடுவது நம்மிடம் அதிகம் காணப்படும் பிழை. சாய்க்கும் சொல் ஒன்று வந்த பிறகு சமமாக இணைக்கும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. இரண்டு கட்டுமானமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ், அவ்வளவுதான்.

ஒரே கருத்தை மூன்று வகையிலும் மாற்றி எழுதிப் பார்த்தால் தெளிவாகிவிடும். ‘ஹீ இஸ் டூ டயர்ட் டு வாக்.’ ஒரே முற்று, சிம்பிள். ‘ஹீ இஸ் வெரி டயர்ட், ஸோ ஹீ கெனாட் வாக்.’ காம்பவுண்ட். ‘ஹீ இஸ் ஸோ டயர்ட் தட் ஹீ கெனாட் வாக்.’ காம்ப்ளெக்ஸ். முதல் வாக்கியத்தில் எச்சமாக இருந்த ‘டு வாக்’ மற்ற இரண்டிலும் ‘கெனாட் வாக்’ என்று முற்றாகி, தனக்கென்று ஒரு ‘ஹீ’யையும் வாங்கிக்கொண்டதைக் கவனியுங்கள். ‘ஸோ’ இரண்டிலும் வருகிறது, ஆனால் கடைசி வாக்கியத்தில் அது இணைப்புச் சொல்லாக வரவில்லை, எவ்வளவு களைப்பு என்றுதான் சொல்கிறது. அங்கே சாய்ப்பது ‘தட்’.

நமக்குக் காம்ப்ளெக்ஸ் கடினமாக இருப்பதற்கு உண்மையான காரணம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘மழை பெய்ததால் நான் வரவில்லை’ என்று தமிழில் ஒரே முற்றில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதை வழக்கமாகச் சொல்லும்போது ‘பிகாஸ் இட் ரெய்ன்ட்’ என்று அந்த எச்சம் முற்றாக மாறுகிறது. ‘நேற்று என்னை அழைத்தவர் வெளியே காத்திருக்கிறார்.’ தமிழில் முற்று ஒன்றுதான். ஆங்கிலத்தில்: ‘தி மேன் ஹூ கால்ட் மீ யெஸ்டர்டே இஸ் வெயிட்டிங் அவுட்சைட்.’ முற்று இரண்டு: ‘கால்ட்’, ‘இஸ் வெயிட்டிங்’. இப்போது சப்ஜெக்டை எங்கே வெட்டுவது? ‘கால்ட்’டுக்கு முன்னால் வெட்டினால் தப்பு. அது ‘ஹூ’வைச் சேர்ந்த முற்று, யார் அந்த ஆள் என்று அடையாளம் காட்ட வந்தது. முக்கியமான முற்று ‘இஸ் வெயிட்டிங்’. யார் காத்திருக்கிறார்? ‘தி மேன் ஹூ கால்ட் மீ யெஸ்டர்டே.’ அது முழுவதும் சப்ஜெக்ட், கத்தி விழ வேண்டிய இடம் ‘யெஸ்டர்டே’க்கு அடுத்து.

இதே முறையில் நீங்கள் செய்து பார்க்க ஒன்று தருகிறேன்: ‘தி புக் விச் யூ கேவ் மீ இஸ் வெரி யூஸ்ஃபுல்.’ முற்றுகளைக் கண்டுபிடித்து, எங்கே வெட்டினீர்கள், ‘வெரி யூஸ்ஃபுல்’ ஆப்ஜெக்டா காம்ப்ளிமென்ட்டா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவை அதிலிருந்தே தொடங்கலாம்.