கூரையில் செருகிய நெருப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

மனத்துக்குள் இருக்கும் இருளையும் ஒளியையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்மிகம் என்று வாயெடுத்தாலே ஜோதி, தீபம், பிரகாசம் என்று போய்விடுவது நம் வழக்கம். இருளுக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு வேலைதான், ஓடிப்போவது. ஆனால் நாம் இருக்கிற இந்தத் தகடூர் மண்ணில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஔவையார் இதை வேறு மாதிரி பார்த்திருக்கிறார்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை அவர் பாடியது புறநானூற்றில் 315-ஆம் பாட்டு. 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போலத் தோன்றாது இருக்கவும் வல்லன்' என்கிறார். ஞெலிகோல் என்றால் தீக்கடைகோல். தீப்பெட்டி இல்லாத காலம். கோலைக் கடைந்துதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவிடுவார்கள். பார்த்தால் வெறும் குச்சி. எடுத்துக் கடைந்தால் கொழுந்துவிட்டு எரியும். அதியமானும் அப்படித்தான், இருக்கும் இடம் தெரியாமலும் இருப்பான், தோன்ற வேண்டிய நேரத்தில் தீயாகவும் தோன்றுவான் என்கிறது பாட்டு.

வகுப்பில் இதை 'அடக்கமும் வீரமும்' என்று இரண்டு மதிப்பெண் விடையாக நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு என்னவோ அந்தக் கூரைமேல்தான் கண் போகிறது. புல்லோ ஓலையோ வேய்ந்த கூரை. தீ என்றால் வீட்டில் முதலில் போவது அதுதான். அந்தக் கூரையிலேயே தீக்கோலைச் செருகிவைத்து, அதற்குக் கீழேயே பிள்ளைகுட்டிகளோடு படுத்து உறங்கியிருக்கிறார்கள். ஆபத்தானது என்று தூக்கி எறிந்திருந்தால் மறுநாள் உலை கொதித்திருக்காது. எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதுகாப்பு என்பது அவ்வளவுதான்.

அதே ஔவை, அதே அதியமானை, 94-ஆம் பாட்டில் யானை ஆக்குகிறார். ஊர்ச் சிறுவர்கள் தன் வெள்ளைக் கொம்பைத் தேய்த்துக் கழுவ, துறையில் சுகமாகப் படுத்துக் கிடக்கும் பெரிய களிறு. எங்களுக்கு நீ அப்படி இனியவன். உன் பகைவர்க்கோ, அதே களிறு மதம் பிடித்து நிற்பதைப் போன்றவன். கவனியுங்கள், இரண்டு யானை இல்லை.

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராகி முற்றுகிற நேரத்தில் அவர்களுக்குத் தூக்கம் ஏது. வளர்ப்பு யானைக்கு மதம் வருவது எப்படி என்று பாகர்களுக்குத் தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பொட்டுப் பக்கம் வீங்கும். கறுத்த நீர் கன்னத்தில் கோடாக இறங்கும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தீனி குறையும். சொன்ன சொல் கேட்காது. விவரமுள்ள பாகன் முதல் அறிகுறியிலேயே அதை வேலையிலிருந்து விலக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கட்டிவிடுவான். சில வாரம், சமயத்தில் சில மாதம். கெட்ட யானை என்று திட்டுவதும் கிடையாது, செல்லம் என்று பக்கத்தில் போய்த் தடவுவதும் கிடையாது.

நமக்கும் அப்படி அறிகுறிகள் உண்டு. நம் வீட்டாருக்கு அவை நம்மைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கோபம் வந்தால் கத்தவே மாட்டார். மகனிடம் திடீரென்று மரியாதை கூடிவிடும். 'என்னங்க தம்பி, சாப்பிட்டீங்களா' என்று அவர் கேட்டால், அந்த வீட்டில் மருமகள் முதற்கொண்டு எல்லோரும் ஆளுக்கொரு வேலையாகத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்கள். அவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

இந்த 'அவரைத் தவிர' என்பதில்தான் சிக்கல். பதினான்காம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில் இதை இரண்டே அடியில் சொல்லிவிட்டார். 'ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது.' கரண்ட் போன இரவை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் எதுவும் தெரியாது, ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவம் என்ற உள்ளிருள் அதற்கும் ஒரு படி மேல். பொருளையும் காட்டாது, தான் இருப்பதையும் காட்டாது. அதில் மூழ்கியவன் வெளிச்சத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பான்.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? சுவிட்சர்லாந்தில் கார்ல் யுங் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார், 1875-இல் பிறந்து 1961-இல் மறைந்தவர். நம்முடையது என்று ஒப்புக்கொள்ள மறுக்கிற குணங்களையெல்லாம் ஓரமாகத் தள்ளி வைக்கிறோம், அதற்கு 'நிழல்' என்று பெயர் வைத்தார். தள்ளிவைத்தது சும்மா இருக்காது, எதிரில் இருப்பவர் முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்திருக்கும் பங்காளிகளிடம் கேட்டுப் பாருங்கள். 'எனக்கென்னங்க, நான் பெருந்தன்மையா விட்டுக்குடுக்கிறவன், அவன்தான் அரைமணி நேரம் சேர்த்து மோட்டார் ஓட்டிடறான்' என்பார் அண்ணன். தம்பியும் எழுத்து மாறாமல் அதையே சொல்வார். அடுத்தவரின் எந்தக் குணம் நம்மை அளவுக்கு மீறி எரிய வைக்கிறதோ, அது நம் வீட்டிலும் குடியிருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் அப்படி என்று சொல்லமாட்டேன். சில பேர் நிஜமாகவே அரைமணி நேரம் சேர்த்து ஓட்டுகிறவர்கள்தான்.

நம் ஊர்களில் இதற்கு ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சொல்கிறேன். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. துகில் உரியும் இரவில், துச்சாதனன் வேஷக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை. சபையே நடுங்க ஆடி வருவார். சேலையில் கை வைக்கும் கட்டம் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். அத்தனை நேரம் உறுமிய ஆள் கைகூப்பி நிற்பார். தாயே, இது வேஷம், என்னைப் பொறுத்துக்கொள் என்று பாடுவார். பெண்கள் பக்கம் யாருக்காவது சாமி வந்துவிடும். அதன்பிறகுதான் முந்தானையைத் தொடுவார், தொட்டதும் பழைய உறுமல் திரும்பிவிடும்.

ஒரே உடம்பில், சில நிமிஷ இடைவெளியில் இரண்டும். அந்த வேஷக்காரர் தன்னிடம் அந்த வெறி இல்லவே இல்லை என்று நடித்தால் கூத்து எடுபடாது. கும்பிடாமல் ஆடினால் ஊர் விடாது. விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவார். வெறிக்கு ஒரு களம், ஒரு தொடக்கம், ஒரு முடிவு எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

துரியோதனன் சாகிற படுகளத்தன்று பாருங்கள். துரியோதனனை மண்ணில் செய்து மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். களத்தில் பீமனுக்கு மண்ணுருவம் கிடையாது, வேஷக்காரர் மட்டும்தான். துரியோதனனுக்குத்தான் அத்தனை பெரிய உருவம், முறுக்கிய மீசை, உருட்டிய கண், வண்ணம். தொடையைப் பிளந்து, அம்மன் கூந்தலை முடிந்து, சாயந்திரம் தீமிதித்து எல்லாம் முடிகிறது. ஆனால் ஒருமுறை கொன்றதோடு கணக்குத் தீர்ந்தது என்று ஊர் நினைப்பதில்லை. அடுத்த பாரதத்துக்கு அவனை மறுபடி செய்தாக வேண்டும்.

அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலிலும் இந்தப் புத்தி வேலை செய்கிறது. நல்ல காரியம் வளர்பிறையில் என்பவர்கள்கூடத் தேய்பிறை அஷ்டமிக்கு அங்கே போய்ச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறார்கள். நிலா குறைந்துகொண்டே போகிற நாளில், பயமுறுத்தும் வடிவத்தின் முன்னால் நின்று. பெரும்பாலும் கடன் தீர, வழக்கு முடிய என்றுதான் வேண்டுதல் இருக்கும். இருக்கட்டுமே. பயத்தைக் கும்பிடக் கற்றுக்கொண்ட ஜனங்கள் நாம். காவேரிப்பட்டினத்து மயானக் கொள்ளையில் அங்காளம்மனோடு சுடுகாட்டுக்கே போகிறவர்களுக்கு நான் இன்னும் என்ன விளக்கம் சொல்வது?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்க விரும்புகிறேன். இருளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, 'நான் இப்படித்தான், என் கோபம் என் சுபாவம்' என்று மனைவி மக்கள்மேல் பாய்வதற்கு உரிமைச் சீட்டு வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அது மத யானையைக் கட்டவிழ்த்துச் சந்தைக்குள் விடுகிற வேலை. சைவ சித்தாந்தம் இதில் நிதானமாகப் பேசுகிறது. ஆணவ மலம், அதாவது உயிரைப் பற்றிய அந்த அழுக்கு, முத்தியிலும் அழிந்துபோவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்கிறது. முழுக்க ஒழித்துவிட்டேன் என்று சொல்பவரைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

ஒளியையும் நாம் ஒளித்து வைக்கிறோம், அதை யாரும் பேசுவதில்லை. குறிப்பாகப் பெண்கள். களையெடுக்கும்போது நாலு பேர் நடுவே அருமையாகப் பாடுகிற அம்மா, மேடையில் மைக்கை நீட்டினால் 'அய்யோ எனக்கென்ன தெரியும்' என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பொம்பளைப் பிள்ளை சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்று எட்டு வயதில் யாரோ சொன்னது. அவர் கோபத்தை அடக்கிய அதே இடத்தில்தான் பாட்டையும் அடக்கியிருக்கிறார். ஒன்றைத் திறந்தால் இன்னொன்றும் வெளியே வரும், அதனால்தான் திறக்கப் பயம்.

வழி என்று கேட்டால், எனக்குத் தெரிந்து மாணிக்கவாசகர் வழிதான் நேரானது. 'யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்' என்று திருவாசகத்துத் திருச்சதகத்தில் பட்டியல் போடுகிறார். பக்தியின் உச்சத்தில் இருக்கிறவர் தன் பக்தியையே பொய் என்கிறார். அங்கேயே நின்று சுருண்டுவிடவும் இல்லை. 'ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே' என்று அடுத்த மூச்சிலேயே உரிமையோடு கேட்கிறார். ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு யார்மேல் பொறாமைப்பட்டோம், எந்த இடத்தில் பொய்யாகச் சிரித்தோம் என்று ஒரு பத்து நிமிஷம் சொல்லிப் பார்க்கலாம். வாய்விட்டு. தீர்ப்பு எழுதாமல். அன்று செய்த நல்லதையும் அதே குரலில் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் கூச்சம் அதிகமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அது நான் இவ்வளவு நேரம் பேசிய இருள் இல்லை. அது நோய், மருந்துண்டு. ஔவையையும் உமாபதியாரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை, தமிழிலேயே பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றாலும் தெருவில் யாருக்காவது வேண்டியிருக்கும். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

வணக்கம்.