ஜி.எம்.சி. ஆறு சக்கர ராணுவ லாரி: ஓட வைப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள்

[காட்சி: கொட்டகையில் நிற்கும் லாரி. தரையில் ஸ்டார்ட்டர் மிதி. அதன் மேல் மெதுவாக நெருங்கும் கேமரா.]

இந்த மிதியைப் பாருங்கள். இந்த லாரியில் ஸ்டார்ட்டரைச் சாவியால் திருப்புவதில்லை, காலால் மிதிக்க வேண்டும். பழைய வண்டி வந்து இறங்கியதும் பேட்டரியை மாட்டி இதை ஒருமுறை மிதித்துப் பார்க்க எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும். மிதிக்காதீர்கள். பல வருடம் நின்ற இன்ஜினின் புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) வளைவதும், பிஸ்டன் ரிங் உடைவதும் பெரும்பாலும் அந்த முதல் மிதியில்தான்.

நாம் பேசப்போவது இரண்டாம் உலகப்போர் காலத்து ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. லாரியைப் பற்றி. இரண்டரை டன் சுமை, ஆறு சக்கரங்களுக்கும் இழுவை. அமெரிக்கச் சிப்பாய்கள் 'ஜிம்மி' என்றும் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்றும் அழைத்தது இதைத்தான். 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. பெயரில் உள்ள எழுத்துக்களுக்கு அர்த்தம் உண்டு: முதல் சி 1941-ஆம் ஆண்டு வடிவமைப்பு, இரண்டாவது சி வழக்கமான முன்மூக்கு கேபின், கே முன் ஆக்ஸில் இழுவை, டபிள்யூ பின்னால் இரட்டை இழுவை ஆக்ஸில். பெயருக்குப் பின்னால் வரும் எண் 352 என்றால் குட்டை சேசிஸ், வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான நீளம்) 145 அங்குலம். 353 என்றால் நீளம், 164 அங்குலம்.

[காட்சி: சேசிஸ் நெடுக நகரும் டார்ச் ஒளி.]

முதல் நாள் வேலை டார்ச்சும் கம்பி பிரஷும் மட்டும். ஏன் சேசிஸில் தொடங்குகிறோம்? இந்த லாரிகள் பட்ட பாடு அப்படி. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற சப்ளை ஓட்டம் நடந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 6,000 லாரிகள் நாளொன்றுக்கு சுமார் 12,500 டன் சரக்கை முன்னணிக்குக் கொண்டுபோயின. ஓட்டுநர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கறுப்பின வீரர்கள். இரண்டரை டன் வண்டியில் ஐந்து டன் வரை ஏற்றினார்கள். நம் பக்கத்திலும் அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட மலைப்பாதையில் இவை ஓடின. அந்தச் சுமையின் தடயம் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியுள்ள விரிசலாகவும், தளர்ந்த ரிவிட்டாகவும், அவசரமாகப் போட்ட வெல்டிங்காகவும் தெரியும். ரிவிட்டைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் செத்துப்போய்க் கேட்டால், ஓரத்தில் செந்துருக் கோடு தெரிந்தால், அது ஆடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஆக்ஸில். இரண்டு வகை உண்டு. நடுவில் இரண்டு பாதியாகப் பிரிந்து போல்ட் போட்டு இணைத்திருந்தால் 'ஸ்பிளிட்'. ஒரே கூடாக, வட்ட மூடியோடு இருந்தால் 'பேன்ஜோ'. பாகம் வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரைக்கும் பாகங்கள் மாறும். போருக்குப் பின் பல வண்டிகள் பிரெஞ்சு ராணுவப் பட்டறைகளில் அக்கக்காகப் பிரித்துக் கலந்து கோக்கப்பட்டவை. ஆகவே டேஷ்போர்டில் உள்ள தகட்டை மட்டும் நம்பாமல், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டி.எம். 9-801 என்ற அமெரிக்க ராணுவக் கையேட்டின் நகல் கிடைக்கும். இந்த வீடியோவில் சொல்லாத இடைவெளி, இறுக்க அளவு எல்லாம் அதில்தான்.

[காட்சி: சக்கர நட்டுகள், அருகில்.]

சக்கரம் கழற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, இடது பக்க நட்டுகளுக்கு இடது மரை. நாம் வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஸ்டட்டின் முனையில் எல், ஆர் என்ற குறி இருக்கும், துருவைச் சுரண்டிப் பாருங்கள். தெரியாமல் நீளக் குழாய் போட்டு எதிர்த்திசையில் அழுத்தினால் ஸ்டட் முறியும்.

இரண்டாவது, உயிர் விஷயம். டயரை ரிம்மில் பிடித்து வைப்பது ஒரு பூட்டு வளையம். துருப்பிடித்த வளையம் காற்று அடிக்கும்போது தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. நட்டில் கை வைக்கும் முன்பே வால்வின் உள்முள்ளைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் உள்ளே இருப்பதற்கும் சேர்த்து. திரும்ப அடிப்பது இரும்புக் கூண்டுக்குள் மட்டும், நீளமான குழாயோடு, பக்கவாட்டில் தள்ளி நின்று. இந்த வேலையைத் தினமும் செய்யும் லாரி டயர் கடையில் கொடுத்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

[காட்சி: கழற்றிய பிரேக் டிரம், ஈரத்துணி.]

இப்போது பிரேக். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இது ஹைட்ராலிக் பிரேக், ஆனால் ஒற்றைச் சுற்று. இன்றைய வண்டியில் ஒரு குழாய் வெடித்தாலும் மறுபாதி பிடிக்கும். இதில் எங்கேனும் ஒரே ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரைக்குப் போய்விடும், ஆறு சக்கரத்திலும் ஒன்றும் இருக்காது. அதனால் "இது நல்லாத்தான் இருக்கு" என்று எந்த ரப்பரையும் விட்டுவைக்காதீர்கள். ஹோஸ், வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட் மொத்தமும் புதிது. ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்சுவர் வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் அழுத்தம் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பாது, டிரம் சூடேறிப் புகையும். சிலிண்டர் உட்சுவரில் குழிகள் விழுந்திருந்தால் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். லேத்தில் கொடுத்துத் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

டிரம்முக்குள் உள்ள பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சேசிஸில் தொங்கும் இந்த உருளைதான் ஹைட்ரோவாக். இன்ஜினின் வெற்றிட இழுப்பை வைத்து மிதியின் பலத்தைக் கூட்டுவது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு இதைச் சோதிக்கும் முறை எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது மிதியை நாலைந்து முறை அழுத்தி மிச்ச வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் வேலை செய்கிறது. உள்ளே சீல் போயிருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும்: பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகும், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது, சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கிறது என்று பொருள்.

பிரேக் ஆயிலில் டாட் 4 போடுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏனென்றால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அதிகம் ஓடாமல் நிற்கப்போகும் வண்டி என்றால் சிலிக்கான் வகையான டாட் 5 பொருத்தம். ஆனால் முழுக்கக் கழுவிய, புது ரப்பர் போட்ட அமைப்பில் மட்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, அது சிலிக்கான் கிடையாது. காற்று எடுக்கும்போது முதலில் ஹைட்ரோவாக், பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து கிட்டே வாருங்கள்.

ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வரிசையைப் பிடிக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் இழுத்தும் பயனில்லை. கட்டை வைக்காமல் கீழே படுக்காதீர்கள்.

[காட்சி: வால்வு மூடி திறந்த நிலையில் இன்ஜின்.]

இனி இன்ஜின். ஆறு சிலிண்டர் வரிசை, மேல்வால்வு, 270 கன அங்குலம், அதாவது 4.4 லிட்டர் பெட்ரோல். ஆறு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் தானியங்கி கியர் ஆயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். மூன்று நான்கு நாள் ஊறட்டும். அதற்குள் வால்வு மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வுத் தண்டின் மேல்முனையையும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். துள்ளி மேலே வராத வால்வு சிக்கியிருக்கிறது. அதை விடுவிக்காமல் இன்ஜினைச் சுற்றினால் புஷ் ராடு வளையும்.

பிறகு முன்னால் உள்ள கிராங்க் கம்பியை மாட்டி, கையால், கால் சுற்று அங்கும் இங்கும். அசையவில்லையா? மறுபடி ஊற்றுங்கள், இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

சுற்றத் தொடங்கியதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். எல்லாப் பிளக்கும் வெளியே, ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்து. மீட்டர் காட்டும் அளவைவிட ஆறு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அடித்தொட்டியை இறக்குங்கள். பல வருடக் கசடு களிமண் போலப் படிந்திருக்கும். இன்றைய ஆயிலில் உள்ள சுத்திகரிப்புப் பொருள் அதைக் கரைத்துக் கிளப்பிவிடும். அது பம்பின் வலையை அடைத்தால் பேரிங் போய்விடும். தண்ணீர்ப் பக்கமும் அப்படியே. பிளாக்கின் பின்கோடியில், ஆறாவது சிலிண்டரைச் சுற்றி, துருச் சேறு இறுகியிருக்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவினால் தீராது. பிளாக்கின் வடிகுழாயையும் பக்கத்துத் தட்டு மூடிகளையும் எடுத்து, கம்பியால் குத்தி, தண்ணீர் தெளிவாக வரும்வரை பாய்ச்சுங்கள்.

பெட்ரோல் டேங்க் 40 அமெரிக்க காலன், சுமார் 150 லிட்டர். காலி டேங்க்தான் நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். வெல்டிங் நெருப்பை அதனருகே கொண்டுபோகாதீர்கள். சங்கிலித் துண்டுகளைப் போட்டு உருட்டித் துருவை உதிர்த்துக் கழுவுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய பம்ப் டயஃப்ரத்தைத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் டயஃப்ரம் கேட்டு வாங்குங்கள். இன்றைய பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கவும் செய்யும். வெயிலில் பத்து நிமிடம் நின்ற வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால், சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் குழாயைச் சந்தேகியுங்கள். குழாயைத் தள்ளி வைத்து இடையே ஒரு தகடு அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

[காட்சி: இரண்டு கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பெருவிரல் பருமன், இன்னொன்று மெலிந்தது.]

மின்சாரம் 6 வோல்ட். "6 வோல்ட்டில் இன்ஜின் சுற்றாது, 12-க்கு மாற்றிவிடு" என்பார்கள். மாற்ற அவசியமில்லை. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் வேண்டும். இன்றைய கார்க் கேபிளைப் போட்டுவிட்டு, சோம்பிச் சுற்றுகிறது என்று 6 வோல்ட்டின் மேல் பழி போடுகிறார்கள். ஸ்டார்ட்டரை மிதிக்கும் கட்டம் வந்ததும், ஒருவரை மிதிக்கச் சொல்லி, கேபிளின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கேபிளோ இணைப்போ சரியில்லை. இன்ஜின் ரப்பர் மீது உட்கார்ந்திருப்பதால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே எர்த் பட்டை கட்டாயம், பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில்.

பிளக் வயர் வரிசை 1-5-3-6-2-4. டைனமோவைப் பிரித்துக் கோத்திருந்தால், கையேட்டில் உள்ளபடி அதன் துருவத்தை நிலைப்படுத்தாமல் ஓட்டாதீர்கள். கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முனைகள் கருகிவிடும்.

[காட்சி: தீயணைப்பான், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.]

இப்போது ஸ்டார்ட்டரை மிதிக்கலாம். முதலில் பிளக் இல்லாமல், ஆயில் அழுத்த முள் எழும்வரை. வால்வு மூடியைத் திறந்தே வைத்து ராக்கர்களுக்கு (வால்வை அழுத்தும் சிறு கைகள்) எண்ணெய் வந்து சேர்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். ஓடத் தொடங்கி 10 விநாடியில் முள் எழாவிட்டால் அணைத்துவிடுங்கள். நன்றாகச் சூடேறியதும் வால்வு இடைவெளியைக் கையேட்டின்படி மறுபடி சரிசெய்யுங்கள்.

சாலைக்குப் போகுமுன், மூன்று ஆக்ஸிலின் மேலும் உள்ள சின்ன மூச்சுத்துளையைக் குத்தி விடுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, புது ஆயில் சீலையும் தாண்டி எண்ணெய் பிரேக் லைனிங்கில் வழியும். சீல் மேல் தப்பே இருக்காது.

பின்னாலுள்ள இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை இரட்டையாக எட்டு என்று பத்து டயரின் சுற்றளவையும் டேப்பால் அளந்து ஒத்துப்போகிறவற்றைச் சேருங்கள். பாதி தேய்ந்ததும் புதியதும் கலந்தால் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும். அதே காரணத்துக்காகத் தார்ச்சாலையில் முன் ஆக்ஸிலைச் சேர்க்கக் கூடாது, சேறு மணலில் மட்டும். கியர் மாற்ற, கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், நான்காவதுதான் நேரடி. உச்ச வேகம் மணிக்கு 45 மைல், சுமார் 72 கிலோமீட்டர்.

பெயின்ட் கடைசி. அதற்கு முன் போனட்டின் பக்கவாட்டை மெல்லிய உப்புத்தாளும் தண்ணீரும் வைத்துப் பொறுமையாகத் தேயுங்கள். பச்சைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே ராணுவப் பதிவெண் எழுந்து வரலாம். இந்த வகை லாரிக்கு அது 4-இல் தொடங்கும். தொடக்ககால வண்டிகளில் நீலச் சாயலில் எழுதியிருப்பார்கள், பின்னர் வெள்ளையில். தெரிந்ததும் நிறுத்தி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எழுத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணல் பீய்ச்சும் இடத்துக்கு நேராக அனுப்பிவிட்டால் அந்த எண் ஒரே நிமிடத்தில் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

[காட்சி: சாலையோரம் நிற்கும் லாரி. ஒருவர் சக்கரம் சக்கரமாகச் சென்று ஹப் மீது கையை அருகே கொண்டுபோகிறார்.]

முதல் ஓட்டம் 5 கிலோமீட்டர். இறங்கி ஆறு ஹப்பையும் சுற்றி வாருங்கள், கையைத் தொடாமல் அருகே கொண்டுபோனாலே சூடு தெரியும். ஒன்று மட்டும் காய்ந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுக்கம் அதிகம். 80 கிலோமீட்டர் முடிந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இரட்டைச் சக்கரத்தில் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, பிறகு வெளி நட்டு. இடது பக்கத்துக்கு வந்ததும் மரையின் திசை மாறும்.