நெல்லிக்கனி கொடுத்த ஊரில் ஹைலேண்டர்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இதே கூடத்தில் ஹைலேண்டர் என்ற ஆங்கிலப் படம் போட்டோம். முடிந்து விளக்கைப் போட்டதுமே அரூர்க்கார அண்ணன் எழுந்து, இதையெல்லாம் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார், பின்வரிசைக் கல்லூரித் தம்பி, நான் பார்த்ததிலேயே இதுதான் படம் என்று பதிலுக்கு நின்றார், அப்புறம் நான்கு ரோட்டில் டீக்கடை மூடும்வரை பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சு ஒரு வாரமாக என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இன்றைக்குப் பேச நேரம் கேட்டு வாங்கினேன்.

வராதவர்களுக்காகக் கதை. 1536, ஸ்காட்லாந்து மலைநாடு. கானர் மெக்லவுட் என்ற இளைஞன் குலச்சண்டையில் வாள் பாய்ந்து விழுகிறான், சாக வேண்டியவன் மறுநாள் எழுந்து உட்காருகிறான். பேய் வேலை என்று சொந்த ஊரே அடித்துத் துரத்துகிறது. சில வருடம் கழித்து ராமிரெஸ் என்ற இன்னொரு சாகாதவர் தேடி வந்து விஷயத்தைச் சொல்கிறார். நம்மைப் போல உலகில் சிலர் இருக்கிறோம், தலை போனால்தான் உயிர் போகும், வெட்டியவனுக்கு வெட்டுப்பட்டவனின் சக்தி வந்து சேரும், கடைசியில் ஒரே ஒருவன்தான் மிஞ்சுவான். அந்தக் கடைசிச் சண்டை 1985-இல் நியூயார்க்கில் நடக்கிறது.

அண்ணனும் மற்றவர்களும் சொன்ன குறைகளில் பாதி உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்காரனாக நடித்த கிறிஸ்டோபர் லாம்பெர்ட் பிரெஞ்சுக்காரர். அசல் ஸ்காட்லாந்துக்காரரான ஷான் கானரி எகிப்தில் பிறந்து ஸ்பெயின் பெயரோடு திரிகிறவராக வருகிறார், ஆனால் பேச்சு முழுக்க ஸ்காட்லாந்து வாடைதான். ராமிரெஸ் கையிலிருக்கும் ஜப்பானிய வாளை மசமுனே என்ற கொல்லர் கிறிஸ்துவுக்கு முன் 593-இல் செய்ததாகப் படம் சொல்கிறது. உண்மையான மசமுனே வாழ்ந்தது அதற்கு 1,800 வருடத்துக்கும் மேல் கழித்து. இதைச் சொன்னவர் காரிமங்கலத்திலிருந்து வந்த வரலாற்று வாத்தியார், அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வாள் சண்டைகளும் சுமார்தான். நம் ஊர்ச் சிலம்ப வாத்தியார் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள், காலடி எங்கெங்கே தப்புகிறது என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்.

ஆனால் "இது படமே இல்லை, பாட்டு வீடியோ" என்று ஒருவர் சொன்னாரே, அதை நான் ஏற்க மாட்டேன். இயக்குநர் ரஸ்ஸல் மல்காஹி பாட்டு வீடியோ எடுத்து வந்தவர்தான், 1981-இல் எம்டிவி என்ற அமெரிக்கப் பாட்டுச் சேனல் தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பான வீடியோவே அவர் எடுத்தது. அந்தப் பழக்கம் இந்தப் படத்துக்கு எங்கே கைகொடுக்கிறது என்று பாருங்கள். நியூயார்க் கார் நிறுத்தத்தில் நிற்கும் கேமரா மேலே ஏறுகிறது, தளத்தைத் தாண்டினால் ஸ்காட்லாந்துப் பச்சை மலை வந்துவிடுகிறது. வீட்டு மீன்தொட்டியின் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தால் நானூறு வருடத்துக்கு முந்தைய ஏரியில் இருக்கிறோம். வெட்டு தெரியாது. நானூறு வருடம் வாழ்ந்தவனுக்குப் பழசும் புதுசும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். இதை வசனத்தில் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும், அப்படிச் சொன்னாலும் மனதில் நின்றிருக்காது.

இன்னொரு விஷயம். அண்ணன் கேசட் காலத்தில் இதைப் பார்த்தவர். அந்த ரேச்சல் என்கிற வயசான அம்மா யாரு, எதுக்கு அவன் வீட்டில் இருக்கிறாள், ஒன்றுமே புரியவில்லை என்று அப்போதே கடுப்பாகிவிட்டாராம். தம்பியோ, ரேச்சல் வரும் இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது என்கிறார். எனக்கு இது புரியாமல் இருந்தது, அப்புறம்தான் பொறி தட்டியது. 1986-இல் அமெரிக்கத் திரையரங்குக்குப் போன பிரதி சில நிமிடம் வெட்டப்பட்டது. அதில் போன ஒரு காட்சி, இரண்டாம் உலகப்போரில் நாஜிச் சிப்பாயிடமிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கானர் காப்பாற்றுகிற இடம். அந்தக் குழந்தைதான் ரேச்சல். வளர்த்தவன் இளைஞனாகவே இருக்கிறான், வளர்ந்த மகளுக்கு முடி நரைத்துவிட்டது. இதை எடுத்துவிட்டால் அந்த அம்மா வெறும் அலுவலக உதவியாளர். அண்ணன் அந்த நாளில் பார்த்தது அநேகமாக வெட்டின பிரதியாகத்தான் இருக்கும், அந்தப் பழைய கடுப்பு போன வாரம் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கப் பார்வையாளர்களுக்கும் கிடைத்தது வெட்டின பிரதிதான், அங்கே 60 லட்சம் டாலர்கூட வசூலாகவில்லை. வெட்டினதால்தான் ஓடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, படத்தில் எது உயிரோ அதிலேயே கத்தி வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

எது உயிர் என்று கேட்டால், ஹீதர். கானர் ஊரைவிட்டு வந்தபின் கட்டிக்கொண்ட பெண். அவளை விட்டுவிடு, நானும் இப்படி ஒருத்தியோடு வாழ்ந்து அவள் செத்தபோது நொறுங்கிப் போனவன் என்று ராமிரெஸ் எச்சரிக்கிறார். கானர் விடவில்லை. அவளுக்கு நரை விழுகிறது, முதுகு வளைகிறது, இவன் அப்படியே இருக்கிறான். அவளைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறான், கடைசியில் மடியில் போகிறாள். அங்கே வரும் பாட்டை குவீன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பிரையன் மே, படக் காட்சிகளைப் பார்த்துவிட்டு எழுதினார். அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி குரலில் அதைக் கேட்கும்போது, படம் வந்து ஐந்தே வருடத்தில், 1991-இல், 45 வயதில் அவரும் போய்விட்டார் என்பது நினைவுக்கு வராமல் இருக்காது. இதை வாள் சண்டைப் படமாகப் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கட்டியவள் கண்முன் கிழவியாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவனின் கதையாகப் பார்த்தவர்கள்தான் நாற்பது வருடமாக இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாலக்கோட்டு டீச்சர் அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் இல்லை. வில்லன் குர்கன், கானர் இல்லாத நேரத்தில் ஹீதரைச் சீரழிக்கிறான். அவள் அதைப் புருஷனிடம் சாகும்வரை சொல்லவே இல்லை. நானூறு வருடம் கழித்து தேவாலயத்தில் வைத்து குர்கன் அதை நக்கலாகச் சொல்லும்போதுதான் அவனுக்கே தெரிகிறது. அத்தனை வருடம் அந்தப் பெண் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தாள் என்று படம் ஒரு நொடியாவது நின்று பார்த்ததா என்று அக்கா கேட்டார். பார்க்கவில்லை. கானரின் கோபத்துக்கு ஒரு காரணமாக அதை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டது. எனக்குப் பிடித்த படம்தான், ஆனாலும் இது பெரிய குறை. கிளான்சி பிரவுன் அந்த வில்லனாக அசத்தியிருக்கிறார் என்று நாம் கைதட்டிய வேகத்தில் அக்கா கேட்டது காற்றில் போய்விடக் கூடாது.

இரண்டாம் பாகம் பற்றியும் கேட்டார்கள். 1991-இல் வந்தது. சாகாதவர்கள் எல்லாம் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்று விளக்கம் கொடுத்தார்கள், பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். பின்னால் வெளியிட்ட வடிவத்தில் அந்தக் கிரகத்தையே எடுத்துவிட்டார்கள். சரி, விடுங்கள்.

ஒருவன்தான் மிஞ்சுவான் என்ற விதி முட்டாள்தனம் என்று அண்ணன் சொன்னார் இல்லையா, அதைக் கேட்டபோது எனக்கு அதியமான்தான் ஞாபகத்துக்கு வந்தார். நாம் அவர் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த அதியமான் நெடுமான் அஞ்சி கையில் கிடைத்ததும் ஒரே ஒரு கனிதான், தின்றவருக்கு நீண்ட ஆயுள். உயர்ந்த மலைப் பிளவில் ஏறி அரும்பாடுபட்டு எடுத்த நெல்லி. அதன் பலனை வெளியில் சொல்லாமல் மனதுக்குள் அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்துவிட்டார். "சாதல் நீங்க" எனக்குத் தந்தாயே என்று ஔவை பாடியது புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. அந்தப் படத்துக்காரர்கள் ஒரே பரிசுக்காகக் கழுத்தை வெட்டிக்கொள்கிறார்கள், நம்மவர் கையில் வந்த பரிசைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று பெருமையாகச் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நானும் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் அதே தொகுப்பில் 232-ஆம் பாட்டு இருக்கிறது. அதியமான் போரில் இறந்துவிட்டார். அவருக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கொஞ்சூண்டு கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கல்லுக்கு எதிரே நின்று கேட்பது யார்? ஔவைதான். கனி தின்றவர். கொடுத்தவர் போய்விட்டார், வாங்கியவர் இருந்து அழுகிறார். நம் மாவட்டத்தில் வயலோரம், ஏரிக்கரை என்று எத்தனை நடுகல் நிற்கிறது, சிலவற்றுக்கு இன்றும் பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள், கல்லில் இருப்பவர் பேர் என்ன என்று கேட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஹீதர் சாகும்போது கேட்டது என்ன? என் பிறந்த நாளன்று ஒரு மெழுகுவத்தி ஏற்று என்றாள். 1985-இலும் கானர் நியூயார்க் தேவாலயத்தில் அதை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவள் பேரைச் சொல்ல உலகத்தில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

போன வாரம் அண்ணன் கோபத்தில் இடையிலேயே வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார், இந்த இடம் வந்தபோது அவர் இருக்கையில் இல்லை, நான் பார்த்தேன். அண்ணே, அடுத்த மாதம் வெட்டாத 116 நிமிடப் பிரதியையே திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன். டீயை நான் உள்ளேயே வாங்கிவந்து தருகிறேன், நீங்கள் எழுந்து போகாமல் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் இதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.